ஹோஷங்காபாத் விஞ்ஞானப் போதனைத் திட்டம்

மத்தியப் பிரதேசத்தில் நர்மதையின் தென்பால் அமைந்து, பின்னர் நர்மதாபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்ற ஹோஷங்காபாத் மாவட்டத்தின் கிராமப் பாடசாலைகளில், 1972 முதல் 2002 வரை, ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான மாணவர்க்குப் பரிசோதனை வாயிலாகவே விஞ்ஞானத்தைப் போதித்த முயற்சி இப்பெயரால் வழங்குகிறது. டாட்டா ஆராய்ச்சி நிலையத்தின் பணியைத் துறந்து வந்த அனில் சத்கோபால் நிறுவிய கிஷோர் பாரதி என்னும் தன்னார்வ அமைப்பும், ரசூலியாவிலிருந்த பிரண்ட்ஸ் ரூரல் சென்டரும் 16 நடுநிலைப் பள்ளிகளில் இதனைத் தொடங்கின. டாட்டா நிலையத்து விஞ்ஞானிகளும் டில்லி சர்வகலாசாலை ஆசிரியர்களும் வந்து கிராமத்து உபாத்தியாயர்களுக்குப் பயிற்சி அளித்தனர். 1978-இல் மாவட்டத்தின் நடுநிலைப் பள்ளிகள் அனைத்திற்கும் இத்திட்டம் பரவியது.

ஆய்வுக்கூடம் என்ற அறையே இல்லாத பள்ளிகளில் பிரயோகப் பாடம் நடத்துவது எங்ஙனம் என்ற கேள்விக்கு இத்திட்டத்தார் கண்ட விடை, மலிவான சாதனங்கள் அடங்கிய ஒரு பெட்டியும், சுற்றுப்புறத்து வயலும் குளமுமே. தீக்குச்சிகளைச் சைக்கிள் வால்வு ட்யூப் துண்டுகளால் இணைத்து ஜியோமிதி வடிவங்கள் சமைக்கும் உத்தியை, 1978-இல் இங்கு வந்து தங்கிய பொறியாளர் அரவிந்த் குப்தா அப்போதுதான் கண்டுபிடித்தார். ‘பால வைக்ஞானிக்’ என்னும் பாடநூல், செய்முறையைச் சொல்லிக் கேள்விகளை எழுப்புமேயன்றி, மாணவர் கண்டறிய வேண்டிய முடிவை அச்சிட்டுக் கொடாது. நால்வர் நால்வராகப் பிரிந்து பரிசோதனை செய்து, கண்டதைக் குறித்து, வகுப்பில் விவாதித்தே முடிவுக்கு வரவேண்டும். விடை கிடைக்காத ஐயங்களைச் சிறுவர்கள் ‘சவாலிராம்’ என்னும் கற்பனை மனிதருக்குக் கடிதமாக எழுத, பதிலும் தவறாமல் வந்தது.

எனினும் இத்திட்டத்தின் உயிர்நாடி பரீட்சையிலேயே இருந்ததென்பது நம் அபிப்பிராயம். புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதும் தேர்வும், கைப்பட நிகழ்த்திக் காட்டும் பிரயோகத் தேர்வும் அமைந்தமையால், மனப்பாடத்திற்கு மதிப்பு இல்லாது போயிற்று. போதனையை மட்டும் திருத்திப் பழைய பரீட்சையை அப்படியே விட்டுவைக்கும் சீர்திருத்தங்கள் பல நாம் அறிந்தவையே. அவை பரீட்சைக்கு முந்திய மாதத்தில் காற்றில் கரைந்து போகின்றன!

1982-இல் தோன்றிய ஏகலவ்யா நிறுவனம் இத்திட்டத்தின் பொறுப்பை ஏற்று, அதனை 15 மாவட்டங்களுக்கு விரித்தது. 2002-இல் மாநில அரசு இதனை நிறுத்தி, பொதுப் பாடநூலையே மீண்டும் நடத்த ஆணையிட்டது. நாட்டின் கல்வியாளர் பலர் மறுத்துரைத்தும் ஆணை மாறவில்லை. ஏகலவ்யா 1985-இல் தொடங்கிய ‘சக்மக்’ என்னும் சிறுவர் மாத இதழ் ஹிந்தியில் இன்றும் வெளிவருகிறது.