நுரைப்பலகை ஜெட் மாதிரி விமானம்

நுரைப்பலகையை வெட்டி ஒட்டிச் செய்து, ரிமோட் மூலம் பறக்கவிடும் சிறு விமானம். பெயரில் ஜெட் இருந்தாலும் பெரும்பாலானவற்றில் ஜெட் எஞ்சின் கிடையாது. மின்மோட்டாரில் சுழலும் விசிறியோ புரொப்பெல்லரோதான் தள்ளுகிறது. அவ்வளவு சிறிய விசைக்கும் எழும்ப வைப்பது நுரையின் லேசான எடை. ஆகவே எஞ்சினைவிட நுரைக்குத்தான் இந்த வரலாற்றில் முதலிடம்.

தமிழ்நாட்டில் தெர்மோகோல், இலங்கையில் ரெஜிபோம் என்கிறோமே, அந்தப் பொருளை 1949இல் ஜெர்மனியின் லுட்விக்ஸ்ஹாஃபெனில் பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனத்தின் ஃபிரிட்ஸ் ஸ்டாஸ்ட்னி கண்டறிந்தார். ஸ்விட்சர்லாந்தின் ஆர்காவ் மாநிலத்துக்கும் நுரை அந்நியமல்ல: அங்குள்ள சின்ஸ் என்னும் ஊரில்தான் ஏரெக்ஸ் நுரைத் தொழிற்சாலை இருக்கிறது. மாதிரி ஜெட் செய்வோர் அதிகம் விரும்புவது டெப்ரான் போன்ற 3, 6 மில்லிமீட்டர் தகடுகளை. வீட்டில் குளிர் தடுக்க வந்த பொருள் அது.

சிறிதாகச் செய்து பறக்கவிட்டுப் பார்த்த பிறகே பெரிதாகக் கட்டுவது ஸ்விட்சர்லாந்தின் சொந்த ஜெட் முயற்சியிலும் நடந்தது. எம்மன் அரசுத் தொழிற்சாலை வடிவமைத்த என்-20 போர்விமானத்துக்கு முதலில் ஐந்தில் மூன்று பங்கு அளவில் மரக் கிளைடர் ஒன்று 1948இல் பறந்தது. 1951இல் அதே அளவில் நான்கு சிறு எஞ்சின்களுடன் 'அர்பலெட்' பறந்தது. முழு அளவு விமானமோ 1952 ஏப்ரலில் தரையிலிருந்து சற்றே எழும்பியதோடு நின்றுவிட்டது. இன்று அது டூபென்டார்ஃப் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. ரேடியோ மாதிரி விமானச் சாகசப் பறப்புக்கான முதல் உலகப் போட்டியும் 1960இல் அதே டூபென்டார்ஃபில்தான் நடந்தது.

மாதிரி ஜெட்டுகள் வெகுகாலம் பணக்காரப் பொழுதுபோக்காகவே இருந்தன. எரிபொருள் எஞ்சினால் சுழலும் விசிறிகள் கனமானவை, இரைச்சலானவை. 1983இல் இங்கிலாந்தில் உண்மையான டர்பைன் ஒரு மாதிரி விமானத்தைப் பறக்கவைத்தது. அதன் விலை எளியவர் கைக்கு எட்டவில்லை. 2000க்குப் பின் பிரஷ்லெஸ் மோட்டாரும் லித்தியம் பாலிமர் பேட்டரியும் மலிவானபோதுதான் நுரைப்பலகைக்குக் காலம் வந்தது.

வடிவமைப்பு தாளில் தொடங்குகிறது. மேலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் தெரியும் உருவங்களை வரைந்து, தகட்டில் வெட்டி, கார்பன் கம்பியை இறக்கைக்கு முதுகெலும்பாகப் பதிக்கிறார்கள். உடலின் நடுவே பிளவு வெட்டி அதில் புரொப்பெல்லரை வைப்பதும் உண்டு. தரையில் மோதினாலும் அது உடையாமல் தப்பிக்கும். தட்டை இறக்கையின் மேல் இன்னொரு பட்டையை ஒட்டிப் படி வைப்பது கிளைன், ஃபோகல்மன் என்ற அமெரிக்கர் இருவர் 1972இல் காப்புரிமை பெற்ற முறை. காகித விமானத்தில் பிறந்த யோசனை. பசையில் கவனம் வேண்டும். சாதாரண சூப்பர் குளூ நுரையைக் கரைத்துவிடும். எல்லாவற்றையும்விட முக்கியம் எடை மையம்: அது சற்றே பின்னால் போனாலும் மூக்கு தூக்கி, விமானம் கட்டுப்பாடிழக்கும். அனுபவசாலிகள் அதனால்தான் மோட்டாரில்லாத குட்டி வடிவத்தை முதலில் கையால் எறிந்து பார்க்கிறார்கள். எம்மன் பொறியாளர்கள் மரக் கிளைடரில் செய்து பார்த்ததும் இதைத்தான்.

ஸ்விஸ் விமானப்படை 1958 முதல் 1994 வரை ஓட்டிய ஹன்டர் போர்விமானம் அந்நாட்டு மாதிரிக் கலைஞர்களின் நெஞ்சுக்கு நெருக்கமான உருவம். 2023 ஜனவரி முதல் ஸ்விட்சர்லாந்து, மாதிரி விமானங்களுக்கும் பொருந்தும் ஐரோப்பிய ட்ரோன் விதிகளை ஏற்றுள்ளது. 250 கிராமோ அதற்கு மேலோ எடையுள்ளதைப் பறக்கவிடுபவர் பதிவு செய்துகொள்ள வேண்டும்.