நீதிமன்றத்திலிருந்து நாவலுக்கு

திருச்சிராப்பள்ளி மன்னார்புரத்தில் குடியிருக்கும் ஓய்வு பெற்ற ஆசிரியன் நான். முப்பது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பறையில் நின்றவன், இப்போது எழுதுகோலைப் பிடித்திருக்கிறேன். சில மாதங்களுக்கு முன்னர், உறவினர் ஒருவரின் சொத்து வழக்கிற்குச் சாட்சி சொல்ல நீதிமன்றம் சென்றிருந்தேன். அங்கே காவலர் இருவருக்கு நடுவே நின்ற இளைஞன் ஒருவன் என்னைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டான். என்னிடம் படித்தவன், எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டவன். திருட்டு வழக்கு என்றார்கள். அவன் குற்றவாளியா அல்லவா என்பதை நீதிமன்றம் தீர்மானிக்கும். ஆனால் அவன் பள்ளியை விட்டு நின்ற நாளில் நீ என்ன செய்தாய் என்னும் கேள்வி என் வீடு வரை தொடர்ந்து வந்தது.

இத்தகைய கேள்வியைச் சுமந்தவர்களாக இருவரை நம் இலக்கிய வரலாற்றில் காண்கிறேன். இருவரும் நீதித்துறையிலே வாழ்ந்தவர்கள். இருவரும் நாவல் எழுதினார்கள்.

முதலாமவர் நம் திருச்சிராப்பள்ளியைச் சார்ந்த குளத்தூரில் 1826ல் பிறந்த வேதநாயகம் பிள்ளை. இளமையில் திருச்சிராப்பள்ளி நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராகச் சேர்ந்தார், பின்னர் மொழிபெயர்ப்பாளரானார், அதன்பின் தரங்கம்பாடி, சீர்காழி, மாயூரம் ஆகிய ஊர்களில் முன்சீப்பாக இருந்தார். ஆங்கிலத்தில் இருந்த சதர் நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழாக்கி, ‘சித்தாந்த சங்கிரகம்’ என்னும் பெயரில் 1862ல் வெளியிட்டார். தன் தலையெழுத்தை நிர்ணயிக்கும் தீர்ப்பைத் தானே படித்தறிய முடியாத மக்களுக்கு அது எத்துணைப் பெரிய உதவி!

முன்சீப்பின் முன் வருபவை உரிமை வழக்குகளே. கொலையும் கொள்ளையும் அங்கே வருவதில்லை. ஆயினும் கடன் வழக்கிலும் பாகப்பிரிவினையிலும் கள்ளப் பத்திரமும் பொய்ச் சாட்சியும் புகுந்து விளையாடும். கத்தியின்றி ஒரு குடும்பத்தை அழிக்கும் குற்றங்கள் அவை. அதனாலேயே போலும், 1859ல் அவர் வெளியிட்ட ‘நீதிநூல்’ பிறர்க்கு மட்டும் அறம் உரைக்கவில்லை. கைக்கூலி வாங்கும் அதிகாரிகளையும் கடிந்துரைத்தது. தாம் அமர்ந்திருந்த நாற்காலியையே அவர் விசாரணைக் கூண்டில் ஏற்றினார் எனலாம்.

பதவியிலிருந்து விலகிய பின், 1879ல் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ வெளிவந்தது. தமிழின் முதல் நாவல் என்ற பெருமை அதற்குண்டு. அதன் நாயகி ஞானாம்பாள் ஆண் வேடம் பூண்டு அரசாள்கிறாள். வழக்குகள் மக்கள் மொழியாகிய தமிழிலேயே நடைபெற வேண்டும் என்ற வாதமும் அந்நூலில் இடம்பெறுகிறது. ஆசனத்தில் இருந்தபோது ஒரு முன்சீப்பால் சட்டமாக்க முடியாததை, கதைக்குள்ளே ஒரு பெண்ணின் ஆட்சி நிறைவேற்றியது. நூல் எழுதியதோடு அவர் நிற்கவில்லை. 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய பெரும் பஞ்சத்தின்போது, தம் பொருளைச் செலவிட்டு ஏழைகளுக்குக் கஞ்சி வார்த்தார். பசித்தவனுக்குச் சட்டம் உரைப்பதற்கு முன் சோறு இட வேண்டும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

இரண்டாமவர் கடல் கடந்த இலங்கையில், கண்டி மாநகரில் 1838ல் பிறந்த முகம்மது காசிம் சித்திலெப்பை அவர்கள். வழக்கறிஞராகப் புகழ் பெற்றவர், நீதிவானாகவும் பணியாற்றியவர். கை நிறையப் பொருள் தரும் அத்தொழிலை விட்டு, சமுதாயக் கல்விக்கே தம்மை அர்ப்பணித்தார். 1882ல் ‘முஸ்லிம் நேசன்’ என்னும் தமிழ் வார இதழைத் தொடங்கினார். எகிப்திலிருந்து நாடு கடத்தப்பட்டு 1883ல் இலங்கை வந்த ஒராபி பாஷாவின் நட்பும் அவருக்கு ஊக்கமளித்தது. 1885ல் அவர் எழுதிய ‘அசன்பே சரித்திரம்’ தமிழின் இரண்டாவது நாவல் என்று பலராலும் போற்றப்படுகிறது.

அந்தக் கதையின் தொடக்கமே ஒரு குற்றம்! எகிப்தில் உயர்குடியில் பிறந்த குழந்தை கடத்தப்படுகிறது, பம்பாயில் வளர்கிறது, பல இன்னல்களைக் கடந்து தாயகம் திரும்பி மேன்மை பெறுகிறது. குற்றம் ஒருவன் வாழ்வைக் கவர்ந்து செல்லலாம். ஆனால் அவனுடைய கல்வியையும் ஒழுக்கத்தையும் கவர இயலாது என்பதே நான் அதில் காணும் கருத்து. மிஷன் பள்ளிகளுக்குப் பிள்ளைகளை அனுப்ப நம்மவர்கள் தயங்கிய காலம் அது. அவரோ ஊர் ஊராகச் சென்று பேசினார். பெண் பிள்ளைகளுக்கும் பள்ளி வேண்டும் என்று வாதாடினார். கொழும்பு மருதானையில் 1892ல் தோன்றிய ஸாஹிராக் கல்லூரி, அவரும் வாப்பிச்சி மரைக்கார் முதலியோரும் பட்ட பாட்டின் பயனாகும்.

பின்னர் 1894ல் நடேச சாஸ்திரியாரின் ‘தானவன்’ மூலம் துப்பறியும் கதை தமிழுக்கு வந்தது. குற்றவாளி யார் என்று தேடும் சுவை அதிலிருந்து வளர்ந்தது. அச்சுவையை நான் பழிக்கவில்லை. இரவு நெடுநேரம் விழித்து நானும் படித்தவன்தான். ஆனால் முன்னோர் இருவரும் கேட்ட கேள்வி வேறு. ‘குற்றம் செய்தவன் யார்?’ என்பதைவிட, ‘அவன் அதற்கு முன் எங்கே கைவிடப்பட்டான்?’ என்பதே அவர்களை வருத்தியதாக எனக்குத் தோன்றுகிறது. தீர்ப்பு எப்போதும் பின்னாலே வருகிறது. கல்விதான் முன்னாலே செல்ல முடியும். நீதித்துறையில் இருந்தவர்களே இதை உணர்ந்து எழுத்துக்கும் பள்ளிக்கும் வந்தார்கள் என்பது நாம் எண்ணிப் பார்க்கத்தக்கது.

மன்னார்புரத்திலிருந்து சிறிது தொலைவில் காஜாநகர். அங்கே 1951ல் ஜமால் முகம்மது சாகிபும் காஜாமியான் ராவுத்தரும் நிறுவிய கல்லூரி இன்றும் ஆயிரமாயிரம் பிள்ளைகளைப் படிக்க வைக்கிறது. ஆனால் எட்டாம் வகுப்போடு நிற்கும் பிள்ளைக்கு எந்தக் கல்லூரியின் வாசலும் எட்டாது. அவனைக் கைப்பிடித்து அவ்வாசல் வரை அழைத்துச் செல்வது யார் பொறுப்பு? பள்ளியின் பொறுப்பா, பெற்றோரின் பொறுப்பா என்று வழக்காடிக்கொண்டிருந்தால் அவன் தெருவுக்குப் போய்விடுவான்.

நீதிமன்றத்தில் நான் கண்ட இளைஞனுக்குத் தம்பி ஒருவன் உண்டு. அவனும் பள்ளிக்குப் போவதில்லை என்று கேள்விப்பட்டேன். இக்கட்டுரையை முடித்துவிட்டு, மாலையில் அவன் வீட்டிற்குப் புறப்படுகிறேன்.