பிரசங்கம்

பாடாலூரில் பேருந்து நின்றபோது ஒரு சுவரொட்டி கண்ணில் பட்டது: ‘எக்ஸ்பாசிட்டரி பிரசங்கம்’. வேத வசனத்தை வரிவரியாக விளக்கி வாழ்க்கைக்குப் பொருத்திக் காட்டும் போதனையாம். முதல் சொல் தேவைதானா என்று ஊர் போய்ச் சேரும்வரை யோசித்தேன். வடமொழியில் ‘பிரசங்க’ என்பதற்குப் பேச்சு என்பது முதற்பொருள் அன்று. ஒட்டிக்கொள்ளுதல், பற்று என்பதே. அதிலிருந்து சந்தர்ப்பம், எடுத்துக்கொண்ட பொருள் என விரிந்தது. மராத்தியில் இன்றும் ‘பிரசங்க்’ என்றால் சந்தர்ப்பம்தான். தமிழில் அது மேடைப் பேச்சாகி, ‘அதிகப்பிரசங்கி’ என வசவாகவும் தேய்ந்துவிட்டது. எடுத்த வசனத்தை விடாமல் பற்றி நிற்பதே பிரசங்கம் என்றால், அடைமொழி எதற்கு? கத்தோலிக்கர் ‘மறையுரை’ என்கிறார்கள்; எனக்கு அதுவே பிடிக்கிறது. உரை என்றால் சொல்வது, நூலுக்குப் பொருள் விரிப்பது. பொன்னைக் கல்லில் தேய்ப்பதும் உரைத்தல்தான். வசனத்தில் நம் வாழ்வை உரைத்துப் பார்க்கும் வேலை முழுவதும் அந்த ஒரு சொல்லில் அடங்கியிருக்கிறது. பாடாலூரிலிருந்து எட்டும் தூரத்தில் உள்ள ஏலாக்குறிச்சியில் பணியாற்றிய வீரமாமுனிவரும் தம் உரைநடை நூலொன்றுக்கு ‘வேத விளக்கம்’ என்றே பெயரிட்டார். ‘விளக்கவுரை’ என்று அச்சடித்திருந்தால் பேருந்தில் இருந்த அத்தனை பேருக்கும் புரிந்திருக்கும்.