ரிப்பன் மாளிகை

சென்னை மாநகராட்சியின் தலைமையகம். பூந்தமல்லி நெடுஞ்சாலையில், சென்ட்ரல் ரயில் நிலையத்தையும் விக்டோரியா பொதுக்கூடத்தையும் அடுத்து, வெள்ளை வெளேரென்று நிற்கும் கட்டடம் இது. 1913 நவம்பர் 26 அன்று திறக்கப்பட்டது. ஏட்டில் 'மாளிகை' என்று எழுதினாலும் ஊர்வாய்க்கு அது 'ரிப்பன் பில்டிங்'தான்.

மாநகராட்சிக்கு இந்தக் கட்டடத்தைவிட 225 வயது கூடுதல். இரண்டாம் ஜேம்ஸ் மன்னர் காலத்தில், 1687 டிசம்பரில் கிழக்கிந்தியக் கம்பெனி பட்டயம் வழங்க, 1688 செப்டம்பர் 29 அன்று மதராஸ் மாநகராட்சி நடைமுறைக்கு வந்தது. இந்தியாவின் மிகப் பழைய நகராட்சி அமைப்பு அதுவே. நத்தானியேல் ஹிக்கின்சன் முதல் மேயர். அவருக்குக் கீழே ஆல்டர்மென் 12 பேர். கம்பெனி அதிகாரிகளோடு யூத, போர்த்துக்கீசிய, உள்ளூர் வணிகர்களும் அதில் இடம்பெற்றார்கள். பெருந்தன்மை காரணமல்ல. கோட்டைச் செலவுக்கு ஊராரிடம் வரி வாங்க வேண்டும். ஊர்ப் பெரியவர்கள் சொன்னால் ஊர் கேட்கும் என்ற கணக்கு. வரி கொடுப்பவனுக்குச் செலவில் என்ன பேச்சு என்ற கேள்வி அன்று பிறந்தது. இந்த மாளிகையின் கதை முழுக்க அந்தக் கேள்வியின் கதைதான்.

மாளிகைக்குப் பெயர் தந்தவர் 1880 முதல் 1884 வரை வைஸ்ராயாக இருந்த ரிப்பன் பிரபு. உள்ளூர் விவகாரங்களை உள்ளூர்ப் பிரதிநிதிகளே கவனிக்க வேண்டும் என்ற அவருடைய 1882 மே 18 தீர்மானம் இந்திய உள்ளாட்சியின் தொடக்கப் பத்திரம் என்று கொள்ளப்படுகிறது. நிர்வாகம் சற்றுத் தடுமாறினாலும் பரவாயில்லை, மக்கள் அரசியல் பழகட்டும் என்பது அதன் உட்பொருள். இந்திய மொழிப் பத்திரிகைகளின் வாயைக் கட்டிய சட்டத்தையும் அதே ஆண்டு அவர் நீக்கினார். 'ரிப்பன் எங்கள் அப்பன்' என்று சென்னையில் ஒரு சொல் வழங்கியதற்கு இவையெல்லாம் காரணம். ஆண்டவர்களில் இப்படிப் பாசத்தோடு பெயர் சொல்லப்பட்டவர்கள் மிகக் குறைவு. அவர் 1909 ஜூலையில் இங்கிலாந்தில் இறந்தார். ஐந்தே மாதத்தில், டிசம்பர் 11 அன்று, வைஸ்ராய் மின்டோ பிரபு இந்தக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டினார்.

அதுவரை மாநகராட்சி அலுவலகம் ஜார்ஜ் டவுனில், எர்ரபாலு செட்டித் தெருவில் நடந்தது. புதிய இடம், ஆளுநர் சார்லஸ் டிரெவெல்யன் காலத்தில் ஊர்மக்களுக்காக உருவான பீப்பிள்ஸ் பார்க்கின் ஒரு பகுதி. வடிவமைத்தவர் ஜி.எஸ்.டி. ஹாரிஸ், கட்டியவர் லோகநாத முதலியார். ஆன செலவு ஏழரை லட்சம் ரூபாய். அதில் ஐந்தரை லட்சம் முதலியாருக்குக் கொடுத்தது. நான்கு ஆண்டில் வேலை முடிந்தது. வைஸ்ராய் ஹார்டிஞ்ச் பிரபு திறந்துவைத்த விழாவில் நகரத்துப் பிரமுகர்கள் ஏறத்தாழ 3,000 பேர் கூடினார்கள்.

மூன்று தளங்கள். நீளம் 85 மீட்டர், அகலம் 32 மீட்டர். செங்கல் சுவர், சுண்ணாம்புச் சாந்து, தளத்தைத் தாங்கத் தேக்கு உத்திரங்கள். கீழ்த்தளத்தில் முதலில் கடப்பைக் கல் பதித்திருந்தார்கள். பின்னாளில் பளிங்கு வந்தது. இதை 'இந்தோ-சாரசெனிக்' என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. பக்கத்திலிருக்கும் விக்டோரியா பொதுக்கூடத்தின் செங்கல் சிவப்பைப் பார்த்துவிட்டு இங்கே திரும்பினால் அந்தப் பெயர் ஒட்டவில்லை. முகலாய பாணிக் குமிழ்மாடங்கள் இதில் இல்லை. வரிசையாக நிற்பவை ஐரோப்பியத் தூண்களும் வளைவுகளும். வெள்ளை நிறமே இதைத் தன் அண்டை வீட்டாரிடமிருந்து பிரித்துக் காட்டுகிறது.

நடுவே ஏறத்தாழ 43 மீட்டர் உயரத்தில் மணிக்கூண்டு. இரண்டரை மீட்டர் குறுக்களவுள்ள கடிகாரத்தை 1913இல் ஓக்ஸ் கம்பெனி பொருத்தியது. நான்கு மணிகளும் அதே ஆண்டு இங்கிலாந்தில் கில்லெட் அண்ட் ஜான்ஸ்டன் வார்த்தவை. கால் மணிக்கொரு முறை அவை ஒலிக்கும். இது சாவி கொடுத்து ஓடும் கடிகாரம். கூண்டின் மேலே ஏறி அன்றாடம் ஒருவர் சாவி கொடுத்தாக வேண்டும்; ஒரு நாள் மறந்தால் கீழே சாலையில் போகிறவருக்குத் தெரிந்துவிடும்.

கட்டடம் திறந்தபோது மாநகராட்சி மன்றத்தின் தலைவர் அரசு நியமித்த அதிகாரி, பி.எல். மூர். 1919ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகே தலைவரை மன்றம் தேர்ந்தெடுக்க முடிந்தது. அப்படி வந்த முதல் தலைவர் பிட்டி தியாகராயர். அவர் தலைமையில் 1920 செப்டம்பரில், ஆயிரம் விளக்குப் பகுதி மாநகராட்சிப் பள்ளியில் படிக்கும் ஏழைப் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி தர மன்றம் இசைந்தது. ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேல் போகக் கூடாது என்பது நிபந்தனை. தமிழ்நாட்டின் சத்துணவுக்கு முன்னோடி அந்த ஓரணாத் தீர்மானம். இந்த மாளிகையில் நிறைவேறிய தீர்மானங்களிலேயே பெரியது அது என்று தயங்காமல் சொல்லலாம். மாளிகையின் முன்னால் தியாகராயருக்குச் சிலை இருப்பது மிகப் பொருத்தம்.

1933இல் மேயர் பதவி மீண்டும் வந்தது. ராஜா சர் முத்தையா செட்டியார் முதலில் அமர்ந்தார். 1939இல் மேயரான எஸ். சத்தியமூர்த்தி, குடிநீருக்காகப் பூண்டி நீர்த்தேக்கத்துக்கு வழிசெய்தார். 1944இல் அது திறக்கப்பட்டதைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை. 1956இல் தாரா செரியன் சென்னையின் முதல் பெண் மேயர். 1959இல் தி.மு.க. மன்றத்தைப் பிடித்தது. கோட்டையைப் பிடிப்பதற்கு எட்டாண்டு முன்பே கட்சி இங்கே நிர்வாகம் பழகியது. ரிப்பனின் தீர்மானம் எதிர்பார்த்ததும் இதைத்தானே.

1973இல் மஸ்டர் ரோல் ஊழலையொட்டி மன்றம் கலைக்கப்பட்டது. அதன்பின் 23 ஆண்டுகள் தேர்தல் இல்லை. தெருவிளக்கு எரியவில்லை, குழாயில் தண்ணீர் வரவில்லை என்று வார்டுக்காரர் போய் நிற்க ஒரு கவுன்சிலர் இல்லாமல் ஒரு தலைமுறையே வளர்ந்தது. தவறு செய்தவர்களைத் தண்டிக்கலாம்; ஓட்டுப் போட்டவர்களையும் சேர்த்துத் தண்டித்தது நியாயமில்லை. 1996இல் மக்கள் நேரடியாக வாக்களித்துத் தேர்ந்தெடுத்த முதல் மேயராக மு.க. ஸ்டாலின் வந்தார். 2016இல் மன்றத்தின் காலம் முடிந்ததும் மறுபடி வெற்றிடம். இம்முறை ஏறத்தாழ ஐந்தரை ஆண்டுகள்.

இதற்கிடையே சுற்றுப்புறம் உருமாறியது. பக்கத்து மூர் மார்க்கெட் 1985இல் எரிந்தது. பூங்காவின் மிருகக்காட்சிசாலை அதே ஆண்டு வண்டலூருக்குப் போனது. மாளிகையின் முன்புறத் தோட்டம் மெட்ரோ ரயில் பணிக்காகப் பல ஆண்டுகள் தகரத் தடுப்புகளுக்குள் கிடந்தது. 2011இல் 200 வார்டுகளாக விரிந்த மாநகராட்சிக்குப் பழைய அறைகள் போதாமல், வளாகத்துக்குள்ளேயே அம்மா மாளிகை என்ற இணைப்புக் கட்டடம் 2015இல் எழுந்தது.

2022 மார்ச் 4 அன்று 28 வயது ஆர். பிரியா இங்கே மேயராகப் பதவியேற்றார். இந்தப் பதவிக்கு வந்த முதல் தலித் பெண் அவர்.