அலெக்சாண்டர் டூமா

அலெக்சாண்டர் டூமா (ஜூலை 24, 1802 – டிசம்பர் 5, 1870) புகழ்பெற்ற பிரெஞ்சுப் புதின எழுத்தாளரும் நாடகாசிரியரும் ஆவார். மூன்று மஸ்கட்டியர்கள், மான்டி கிறிஸ்டோ கோமகன் ஆகிய சாகசப் புதினங்களால் உலகெங்கும் அறியப்படுகிறார். இவருடைய மகனும் இதே பெயர் கொண்ட எழுத்தாளர் என்பதால், இவர் மூத்த டூமா என்றும் மகன் இளைய டூமா என்றும் குறிப்பிடப்படுகின்றனர்.

பிறப்பும் இளமையும்

டூமா வட பிரான்சில் உள்ள வில்லெர்-கோத்ரே என்னும் சிற்றூரில் பிறந்தார். இவருடைய தந்தை தோமா-அலெக்சாண்டர் டூமா, பிரெஞ்சுக் குடியேற்ற நாடாக இருந்த செயின்ட் டொமிங்குவில் (இன்றைய எயிட்டி) 1762-இல் பிறந்தவர். பிரெஞ்சுப் பிரபு ஒருவருக்கும், மரி-செசெத் என்ற கறுப்பின அடிமைப் பெண்ணுக்கும் பிறந்த அவர், பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் படைத்தலைவராக உயர்ந்தார். டூமா என்பது அந்த அடிமைப் பெண் வழியாகக் குடும்பத்திற்கு வந்த பெயராகும்.

எகிப்துப் படையெடுப்பின்போது நெப்போலியனுடன் முரண்பட்ட தந்தை, நாடு திரும்பும் வழியில் நேப்பிள்ஸ் அரசால் 1799 முதல் 1801 வரை சிறை வைக்கப்பட்டார். உடல்நலம் குன்றி 1806-இல் இறந்தார். அப்போது டூமாவின் வயது மூன்று. அரசு ஓய்வூதியம் வழங்க மறுத்ததால் குடும்பம் வறுமையில் வாடியது. டூமாவுக்கு முறையான கல்வி அதிகம் கிட்டவில்லை. ஆயினும் அழகான கையெழுத்து இருந்தது. அதன் பயனாக 1823-இல் பாரிசில் ஓர்லியன்சு கோமகனின் அலுவலகத்தில் எழுத்தர் பணி பெற்றார்.

நாடகங்கள்

1829-இல் அரங்கேறிய மூன்றாம் ஹென்றியும் அவரது அரசவையும் என்ற நாடகம் டூமாவுக்குப் பெரும்புகழ் தேடித் தந்தது. பிரெஞ்சுப் புனைவியல் நாடகத்தின் தொடக்கக்கால வெற்றிகளுள் இது ஒன்றாகும். 1831-இல் வெளிவந்த அந்தோனி நாடகமும் வரவேற்பைப் பெற்றது.

புதினங்கள்

1830-களில் பிரெஞ்சு நாளிதழ்கள் தொடர்கதைகளை வெளியிடத் தொடங்கின. டூமா அத்துறையில் முன்னணி எழுத்தாளரானார். மூன்று மஸ்கட்டியர்கள் 1844-இல் லெ சியெக்ல் நாளிதழில் வெளிவந்தது. அதே ஆண்டில் தொடங்கிய மான்டி கிறிஸ்டோ கோமகன் 1846 வரை தொடர்ந்தது. விரைவான உரையாடலும், ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் வாசகரை அடுத்த இதழுக்காகக் காத்திருக்கச் செய்யும் திருப்பமும் இவருடைய நடையின் சிறப்புகளாகும்.

1843-இல் வெளிவந்த ஜார்ஜ் என்னும் புதினம் மொரிசியசுத் தீவைக் களமாகக் கொண்டு நிறவெறியைப் பேசுகிறது.

ஓகுஸ்த் மாக்கே

டூமா தம் புதினங்கள் பலவற்றை ஓகுஸ்த் மாக்கே என்பவருடன் இணைந்து எழுதினார். மாக்கே வரலாற்றுச் செய்திகளைத் திரட்டிக் கதைக்கு முதல் வரைவு அமைப்பார். டூமா அதனை விரித்து, உரையாடல்களைச் சேர்த்துத் தம் நடையில் எழுதுவார். நூல்களில் டூமாவின் பெயர் மட்டுமே இடம்பெற்றது.

1845-இல் எழுத்தாளர் எஜேன் தெ மிர்கூர், டூமா பிறரை வேலைக்கு அமர்த்திப் புதினங்களைத் தயாரிப்பதாகக் குற்றஞ்சாட்டி ஒரு சிறுநூல் வெளியிட்டார். டூமாவின் கறுப்பின மரபும் அதில் இழிவாகப் பேசப்பட்டது. டூமா வழக்குத் தொடுக்க, மிர்கூர் சிறைத்தண்டனை பெற்றார். பிற்காலத்தில் மாக்கேயும் டூமா மீது வழக்குத் தொடுத்தார். 1858-இல் நீதிமன்றம் அவருக்குப் பணம் பெறும் உரிமையை ஏற்றது. ஆனால் இணையாசிரியர் என்ற தகுதியை வழங்கவில்லை.

கடனும் பயணங்களும்

டூமா பெரும்பொருள் ஈட்டினார்; ஈட்டியதினும் மிகுதியாகச் செலவிட்டார். பாரிசுக்கு அருகே மான்டி கிறிஸ்டோ என்ற மாளிகையையும், பாரிசில் வரலாற்று அரங்கு என்ற நாடக அரங்கையும் 1847-இல் திறந்தார். சில ஆண்டுகளிலேயே இரண்டையும் இழந்தார். 1851-இல் கடன்காரர்களிடமிருந்து தப்பப் பிரசெல்சு சென்றார். பின்னர் உருசியாவில் பயணம் செய்தார். 1860-இல் இத்தாலிய ஒருங்கிணைப்புக்காகப் போராடிய கரிபால்டிக்குத் துணைநின்று, நேப்பிள்சில் ஒரு நாளிதழும் நடத்தினார்.

இறப்பும் பாந்தியன் மரியாதையும்

டூமா தியேப் நகருக்கு அருகில் உள்ள தம் மகனின் இல்லத்தில் காலமானார். 1872-இல் இவரது உடல் சொந்த ஊருக்குக் கொண்டுவரப்பட்டது. விக்டர் ஹியூகோ 1885-இலும் எமிலி சோலா 1908-இலும் பாரிசின் பாந்தியனில் இடம்பெற்றனர். டூமாவுக்கு அம்மரியாதை 2002-இல்தான் கிட்டியது. அவ்வாண்டு நவம்பர் 30 அன்று, மஸ்கட்டியர் உடையணிந்த வீரர்கள் சூழ அவரது பேழை பாந்தியனுக்கு எடுத்துச் செல்லப்பட்டது. டூமா எதிர்கொண்ட நிறவெறியைக் குடியரசுத் தலைவர் ஜாக் சிராக் தம் உரையில் குறிப்பிட்டு, நிகழ்ந்த அநீதி சரிசெய்யப்படுவதாகக் கூறினார்.

தமிழ்த் திரைப்படங்களில்

டூமாவின் இரும்பு முகமூடி மனிதன் கதையைத் தழுவி உத்தம புத்திரன் (1940, 1958) திரைப்படங்கள் எடுக்கப்பட்டன. கோர்சிக்கச் சகோதரர்கள் என்ற இவரது குறும்புதினம் ஜெமினி நிறுவனத்தின் அபூர்வ சகோதரர்கள் (1949) படத்திற்கும், பின்னர் எம். ஜி. ஆர். நடித்த நீரும் நெருப்பும் (1971) படத்திற்கும் மூலமாக அமைந்தது.