கொல்கத்தாவின் கிழக்குச் சதுப்பு: சாக்கடை மீனான வரலாறு

கொல்கத்தா ஹூக்ளி ஆற்றின் கரையில் இருந்தாலும், நகரத்துத் தரை ஆற்றை நோக்கிச் சரியவில்லை. வண்டல் படிந்து படிந்து ஆற்றோரம் மேடாகிவிட்டதால், சரிவு கிழக்கே உப்பங்கழிகளின் பக்கம் இருக்கிறது. மழைநீரும் சாக்கடையும் தாமாக ஓடக்கூடிய திசை அதுதான். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் நகரத்துக்குப் பாதாளச் சாக்கடை வகுத்த பொறியாளர் வில்லியம் கிளார்க் இந்தச் சரிவையே நம்பினார். கழிவுநீர் கிழக்கே ஓடி, கடலோதம் ஏறி இறங்கும் வித்யாதரி ஆற்றில் விழுந்தது. நகரக் குப்பையும் அதே பக்கம் தாப்பாவுக்குப் போனது. மக்கிய குப்பைமேட்டில் 1870களின் இறுதியிலேயே காய்கறி பயிரானது. அந்தச் சாகுபடி இன்றும் நடக்கிறது.

வித்யாதரி நெடுநாள் தாங்கவில்லை. ஓதநீர் பரவி நிற்க இருந்த தாழ்நிலங்களைக் கரை கட்டி அடைத்தார்கள். ஆற்றின் நீரைப் பிரிக்கும் கால்வாய்களை வெட்டினார்கள். நீரின் வேகம் குறைந்தது, வண்டல் தங்கியது, ஆறு தூர்ந்தது. 1928இல் அது செத்த ஆறு என்று அரசே அறிவித்தது. அதனால் உப்பங்கழிகளுக்குக் கடல்நீர் வரத்து நின்றது. உவர்நீர் மீனை நம்பியிருந்த பண்ணைக்காரர்களுக்குக் கையெட்டும் தூரத்தில் மிஞ்சிய நீர், நகரத்துச் சாக்கடை ஒன்றுதான். அதை வாய்க்கால் வெட்டிக் குளங்களுக்குள் திருப்பினார்கள். எந்த அலுவலகமும் போட்ட திட்டமல்ல இது. எவ்வளவு கழிவுநீர் விட்டால் மீன் வளரும், எவ்வளவு விட்டால் சாகும் என்பதை மீனைப் பலிகொடுத்தே கற்றிருப்பார்கள்.

இந்தக் குளங்களுக்கு வங்காளத்தில் ‘பேரி’ என்று பெயர். பரப்பில் ஏரியைப் போன்றவை. ஆழமோ பெரும்பாலும் இடுப்பளவுதான். சூட்சுமம் அந்த ஆழக் குறைவில் இருக்கிறது. வெயில் அடிவரை இறங்குவதால் நீரில் பாசி செழிக்கிறது. பாசி பகலில் உயிர்வளி விடுகிறது. அதைக் கொண்டு நுண்ணுயிரிகள் கழிவைச் சிதைக்கின்றன. சிதைந்ததில் கிடைக்கும் சத்து மீண்டும் பாசிக்கு உரமாகிறது. ரோகு, கட்லா, மிர்கால், ஜிலேபி மீன்கள் பாசியையும் அதில் வளரும் சிற்றுயிர்களையும் தின்று, பாசி அளவுமீறாமலும் பார்த்துக்கொள்கின்றன. பிற ஊர்களில் ஏரியைக் கெடுக்கும் களையாக வெறுக்கப்படும் ஆகாயத்தாமரை இங்கே வேண்டிய செடி. கரையோரமாக மூங்கில் கட்டி வளர்க்கப்படும் அது அலை மோதிக் கரை அரிவதைத் தடுக்கிறது. நீரிலுள்ள உலோகங்களையும் ஓரளவு உறிஞ்சுகிறது. குளத்தைவிட்டு வெளியேறும் நீர் அடுத்திருக்கும் நெல்வயலுக்குப் பாய்கிறது.

ஆனால் குளத்தை அதன்போக்கில் விட்டால் இது எதுவும் நடக்காது. குளிர்காலத்தில் நீரை வடித்து, அடிச்சேற்றைக் காயவிட்டுக் கிளறி, சுண்ணாம்பு தூவுகிறார்கள். புதிதாக விட்ட கழிவுநீர் சில வாரம் நின்று தெளிந்த பிறகே குஞ்சு விடுவார்கள். அதிலும் முதலில் சிலவற்றை விட்டுப் பார்ப்பதுண்டு. இரவில் பாசியும் உயிர்வளியை உண்பதால் விடியற்காலையில்தான் ஆபத்து அதிகம். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்தால் உடனே மதகை அடைத்துவிட வேண்டும். நீரின் நிறமும் வாடையுமே இவர்களுக்கு ஆய்வுக்கூடம். ‘இயற்கை சார்ந்த தீர்வு’ என்று பின்னாளில் சூட்டப்பட்ட பெயரில் இந்த உழைப்புக்கு இடமில்லாமல் போனது ஒரு குறைதான்.

வித்யாதரி செத்த பிறகு நகரத்துக்கு வேறு வடிகால் தேவைப்பட்டது. பொறியாளர் பி. என். டே வகுத்த திட்டப்படி, கழிவுநீரைக் கிழக்கே குல்ட்டி ஆற்றில் சேர்க்கும் கால்வாய்கள் 1940களில் வந்தன. கால்வாயில் நீர்மட்டம் உயர்ந்திருந்தால்தான் பம்பு இல்லாமல் பேரிகளுக்குப் பாயும். மழைக்காலத்திலோ மட்டம் தாழ்ந்திருந்தால்தான் நகரம் வெள்ளத்தில் நிற்காது. மதகை யாருக்காகத் திறப்பது என்ற இழுபறி அன்று தொடங்கியது.

நிலத்துக்கான இழுபறி இதைவிடப் பெரிது. முதல்வர் பிதான் சந்திர ராயின் காலத்தில், 1962இல், ஹூக்ளியின் வண்டலைக் குழாய் வழியே கொண்டுவந்து வடபகுதிச் சதுப்பைத் தூர்க்கும் வேலை தொடங்கியது. யூகோஸ்லாவிய நிறுவனம் செய்துகொடுத்த அந்த மேட்டில்தான் சால்ட் லேக் நகர் எழுந்தது. குடியிருப்புக்கு நெருக்கடி இருந்தது உண்மை. ஆனால் இழக்கப்படும் குளங்கள் நகரத்துக்கு என்ன செய்துகொண்டிருந்தன என்ற கணக்கை அன்று எவரும் போடவில்லை.

அந்தக் கணக்கைப் போட்டவர் மாநில அரசின் பொறியாளர் துருவஜோதி கோஷ். 1980களின் தொடக்கத்தில், நகரத்துக் கழிவுநீர் கடைசியில் என்ன ஆகிறது என்று தேடிக் கால்வாய் வழியே கிழக்கே போனார். சுத்திகரிப்பு ஆலை இல்லாமலே அது சுத்தமாவதையும், அந்த வேலையில் மீனும் நெல்லும் காய்கறியும் கிடைப்பதையும் கண்டார். ‘கிழக்குக் கொல்கத்தா சதுப்புநிலங்கள்’ என்ற பெயரும் அதன் எல்லை வரைபடமும் அவர் தந்தவை. 1990இல் ஐ.நா.வின் குளோபல் 500 விருது அவருக்குக் கிடைத்தது. இங்கே உலக வர்த்தக மையம் கட்டும் யோசனையை எதிர்த்துக் குடிமக்கள் அமைப்பு ஒன்று தொடுத்த வழக்கில், 1992இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் சதுப்பின் நிலப்பயன்பாட்டை மாற்றத் தடைவிதித்தது. 2002 ஆகஸ்டில் ஏறத்தாழ 12,500 ஹெக்டேர் உலக முக்கியத்துவம் வாய்ந்த சதுப்புநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. 2006இல் தனிச் சட்டமும் வந்தது. கோஷ் 2018இல் காலமானார்.

சட்டம் வந்த பிறகும் கட்டடங்கள் முளைப்பது நிற்கவில்லை. தோல் பதனிடும் பட்டறைகளின் குரோமியம் கால்வாயில் கலந்தது இன்னொரு கவலை. அவற்றை நகரத்திலிருந்து அகற்றும்படி உச்ச நீதிமன்றம் 1996இல் ஆணையிட்டதும், பன்தலாவில் அவற்றுக்கென வளாகம் அமைந்தது. அந்த இடமும் சதுப்பை ஒட்டியே இருக்கிறது. வாய்க்கால்களும் குளங்களும் தூர்ந்து மேடாகிவருகின்றன. அதனால் பேரிக்காரர்களின் இன்றைய முதல் முறையீடு, தேவையான அளவு சாக்கடை தங்கள் மதகுவரை வந்து சேர்வதில்லை என்பதே.