அந்தப் பெண் அபினை விட்ட விதம்

தாமஸ் வில்லிஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1672இல் இலத்தீனில் எழுதிய நூலொன்றில், படுக்கையில் சாய்ந்ததும் கைகால்கள் துள்ளித் திமிறித் தூங்கவே விடாத சிலரைப் பற்றிக் குறிப்பிடுகிறார். 1680களில் அந்தப் பகுதி ஆங்கிலத்திலும் வந்தது. அதில் ஒரு பெண்மணி வருகிறார். உயர்குடியைச் சேர்ந்தவர் என்பதைத் தவிர அவரைப் பற்றி நமக்கு ஒன்றும் தெரியாது. இரவில் தூக்கம் கெட்டு வில்லிஸின் ஆலோசனையை நாடிய அவர், ஏறக்குறைய மூன்று மாதம் நாள்தோறும் அபின் மருந்தை எடுத்துக்கொண்டார். அதனால் மூளைக்கோ வேறெதற்கோ கேடு நேரவில்லை என்கிறார் வில்லிஸ். பிற மருந்துகளால் அவருடைய இரத்தம் சீரடைந்த பிறகு அபினை முழுவதும் விட்டுவிட்டாராம், சுமாராகத் தூங்கவும் முடிந்ததாம்.

இலக்கணம் கற்பிப்பவள் என்பதால் ‘விட்டுவிட்டார்’ என்ற அந்த வினைமுற்றைத் தாண்டிப் போக எனக்கு முடியவில்லை. மூன்று மாதம் தினமும் எடுத்த அபினை ஒருவர் விடுவதென்றால் நடுக்கமும் வியர்வையும் வயிற்றுப்போக்கும் இருக்கும். அடங்கியிருந்த கால்கள் முன்னைவிட மூர்க்கமாகக் கிளம்பும். அந்த இரவுகளில் யார் உடனிருந்தார்கள்? ஒரே நாளில் நிறுத்தினாரா, கொஞ்சங் கொஞ்சமாகவா? மருத்துவருக்குத் தேவைப்பட்டது நோயின் தொடக்கமும் முடிவும். நடுவில் கிடந்தவை ஏட்டில் ஏறவில்லை. இந்த நோயின் வரலாற்றைப் படிக்கப் படிக்க, விடப்பட்டுப் போனது எப்போதும் அந்த நடுப்பகுதிதான் என்று எனக்குத் தோன்றியது.

நோய்க்கு இன்றுள்ள பெயர் ரெஸ்ட்லெஸ் லெக்ஸ் சிண்ட்ரோம். ஓய்ந்து உட்கார்ந்தால், படுத்தால், கால்களை அசைத்தே தீரவேண்டும் என்ற உந்துதல் எழும். எறும்பு ஊர்வது போல, எலும்புக்குள் யாரோ இழுப்பது போல இருக்கும். எழுந்து நடந்தால் அடங்கும், மாலையிலும் இரவிலும் மிகும். இந்த நான்கும் சேர்ந்தால்தான் இது அந்த நோய். தமிழில் கால் குடைச்சல், கால் உளைச்சல் என்று நாம் சொல்வதில் இதுவும் அடங்கும், வேறு பல வலிகளும் அடங்கும். ‘உளைச்சல்’ என்ற ஒரே சொல்லை நம் மொழி காலுக்கும் மனத்துக்கும் வைத்திருப்பது அழகுதான். ஆனால் மருத்துவர் முன்னால் அந்த அழகு பெண்களுக்குப் பகையாகிவிடுகிறது. காலில் என்று நாம் சொல்வதை அவர் மனத்தில் என்று எழுதிக்கொள்கிறார்.

இது நம்மூர்ப் பழக்கம் மட்டுமல்ல. 1861இல் தியோடர் விட்மாக் என்ற ஜெர்மானிய மருத்துவர் இதற்கு ‘ஆங்ஸியெடாஸ் டிபியாரம்’ என்று பெயரிட்டார். கணைக்காலின் பதற்றம் என்று பொருள் கொள்ளலாம். அதை ஹிஸ்டீரியாவின் அறிகுறியாகக் கருதினார். கருப்பை என்ற கிரேக்கச் சொல்லில் பிறந்த வார்த்தை ஹிஸ்டீரியா என்பதை இந்நூலின் வாசகியருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இந்த நோய் ஆண்களைவிடப் பெண்களை ஏறக்குறைய இருமடங்கு பிடிக்கிறது. கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் ஐந்தில் ஒருவருக்கேனும் வருகிறது. பிள்ளை பெறப் பெற, பிற்காலத்தில் வரும் வாய்ப்பும் கூடுகிறது. ஆகவே ‘அது பொம்பளைங்க நரம்பு’ என்று தள்ளிவிட வசதியாக இருந்தது.

அந்தத் தள்ளலை நிறுத்தியவர் ஸ்வீடன் நாட்டு நரம்பியலாளர் கார்ல்-ஆக்ஸல் எக்பொம். 1945இல் அவர் வெளியிட்ட ஆய்வுநூல்தான் இன்றுள்ள பெயரைத் தந்தது. கர்ப்பிணிகளிடமும் இரத்தசோகை உள்ளவர்களிடமும் இரத்ததானம் செய்பவர்களிடமும் இது மிகுதி என்பதை அவர் எழுதினார். அதே நாட்டைச் சேர்ந்த நோர்ட்லாண்டர் 1953இல் நோயாளிகளுக்கு இரும்புச்சத்தை நரம்பு வழியே ஏற்றிப் பார்த்தார். பெரும்பாலோருக்குக் குணம் தெரிந்தது. வில்லிஸ் ‘இரத்தம் சீரடைந்தபின்’ என்று எழுதியதை அவர் காலத்துக் கோட்பாட்டின்படி மட்டுமே புரிந்துகொள்ள வேண்டும். ஆனாலும் அந்தச் சொல் என்னை ஒரு நொடி நிறுத்தத்தான் செய்தது.

இரும்பின் கதை அப்படியே தொடர்ந்திருந்தால் பல பெண்களின் வாழ்க்கை வேறாக இருந்திருக்கும். நரம்புவழி இரும்பின் பழைய மருந்துகள் சிலருக்குக் கடும் ஒவ்வாமையை ஏற்படுத்தின. மருத்துவர்கள் தயங்கியதில் நியாயம் உண்டு. அதற்குள் வேறொன்று வந்தது. 1982இல் துருக்கியைச் சேர்ந்த செவ்கெட் அக்பினார், பார்க்கின்சன் நோய்க்குத் தரும் லெவோடோபா இந்தக் கால்களையும் அமைதிப்படுத்துகிறது என்று எழுதினார். முதல் இரவிலேயே பலன்! இருபது ஆண்டு தூங்காதவர்கள் தூங்கினார்கள். இதை நான் கிண்டலாகச் சொல்லவில்லை. அந்த முதல் இரவு எனக்கும் வாய்த்தது, அதன் இனிமையை நான் மறுக்கமாட்டேன்.

1996இல் ரிச்சர்ட் ஆலன், கிறிஸ்டோபர் எர்லி என்ற இருவர், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர்கள், லெவோடோபா எடுத்தவர்களைத் தொடர்ந்து கவனித்து ஒரு கட்டுரை எழுதினார்கள். நூற்றில் 82 பேருக்கு மருந்தே நோயை வளர்த்திருந்தது. இரவில் வந்தது மாலைக்கு நகர்ந்தது, பிறகு பகலுக்கு. காலில் இருந்தது கைக்கு ஏறியது. மருந்தளவைக் கூட்டினால் சில வாரம் அடங்கி, பிறகு முன்னிலும் மோசமாயிற்று. இதற்கு ‘ஆக்மென்டேஷன்’ என்று பெயர் வைத்தார்கள். பெருக்கம் என்று சொல்லலாம்.

இது தெரிந்த பிறகுதான் அடுத்த அத்தியாயம் நடந்தது என்பதை மாணவியர் கவனிக்க வேண்டும். டோபமைனைப் போலவே மூளையில் வேலை செய்யும் புதிய மருந்துகள் வந்தன. ரோபினிரோலுக்கு 2005இலும் பிரமிபெக்ஸோலுக்கு 2006இலும் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இந்த நோய்க்கென அனுமதி வழங்கியது. விளம்பரங்கள் குவிந்தன. 2006இல் ஸ்டீவன் வோலோஷின், லிசா ஷ்வார்ட்ஸ் ஆகிய இரு மருத்துவர்கள், சாதாரண அசௌகரியத்தை நோயாக்கி விற்க ஊடகங்கள் எப்படி உதவின என்று ஒரு கட்டுரை எழுதினார்கள். விற்பனை பற்றி அவர்கள் சொன்னது சரி. ஆனால் அதன் பக்கவிளைவு வேறாக இருந்தது. ‘கம்பெனிக்காரன் கண்டுபிடித்த நோய்’ என்ற கேலி ஊரெங்கும் பரவியது. முன்பு ஹிஸ்டீரியா என்றார்கள், இப்போது விளம்பரம் என்றார்கள். இரண்டு முறையும் நடு இரவில் நடந்துகொண்டிருந்தவளை யாரும் கேட்கவில்லை.

புதிய மாத்திரைகளிலும் பெருக்கம் வந்தது, சற்று மெதுவாக. வேறொன்றும் வந்தது. சிலருக்குச் சூதாட்டம், கட்டுக்கடங்காத செலவு, தின்றுகொண்டே இருப்பது, காமவேட்கை என்று அடக்கமுடியாத உந்துதல்கள். மாத்திரையின் விளைவு இது என்று முன்கூட்டிச் சொல்லப்படாத பெண், தன் குணமே கெட்டுவிட்டதாக நினைத்து வாயை மூடிக்கொள்வாள். நம் வீடுகளில் பட்டுப்புடவையாகவும் நகைச்சீட்டாகவும் அது வெளிப்பட்டால் ‘அவளுக்கு ஆசை அதிகம்’ என்பதோடு முடிந்துவிடும்.

என் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருந்தபோது வந்தது, பிரசவத்துக்குப் பின் போனது, முப்பத்தைந்தில் திரும்பி வந்தது. முதலில் தூக்கத்துக்கென்று அமிட்ரிப்டிலின் எழுதித் தந்தார்கள். அது இந்த நோயைக் கிளறும் மருந்துகளில் ஒன்று. பல மனச்சோர்வு மாத்திரைகளும், சளிக்கும் அரிப்புக்கும் கடையில் கேட்டு வாங்கும் தூக்கம் தரும் மாத்திரைகளும், வாந்திக்குப் போடும் மெட்டோகுளோபிரமைடும் அப்படியே. பிறகு பிரமிபெக்ஸோல் வந்தது. 0.125 மில்லிகிராமில் தொடங்கி, ஏழு ஆண்டில் 0.75 ஆயிற்று. நான்கு மணி வகுப்பில் கால் இழுக்கும். நின்றும் நடந்தும் பாடம் நடத்துவது எங்கள் தொழில் என்பதால் யாருக்கும் தெரியவில்லை. துறைக் கூட்டங்களில்தான் மாட்டிக்கொண்டேன். சிறுவயதில் ‘காலாட்டாதே, குடும்பத்துக்கு ஆகாது’ என்று அதட்டிய பாட்டியின் குரல் பேராசிரியர்களின் பார்வையில் கேட்டது.

கைகளுக்கும் ஏறியபோது வேறோர் ஊரில் ஒரு நரம்பியல் மருத்துவரிடம் போனேன். ‘மணி எத்தனைக்கு ஆரம்பிக்குதும்மா?’ என்பது அவருடைய முதல் கேள்வி. நோய் முன்னேறவில்லை, மருந்து முன்னேறியிருக்கிறது என்று சொன்னார். குறைப்பதற்கு முன்னால் இரண்டு வேலைகள் நடந்தன. ஒன்று, ஃபெரிட்டின் சோதனை. ஹீமோகுளோபின் சரியாக இருந்தாலும் சேமிப்பு இரும்பு குறைவாக இருக்கலாம். ஆய்வகத் தாளில் ‘இயல்பு’ என்று அச்சிட்டிருக்கும் எல்லை இந்த நோய்க்குப் போதாது. பெரியவர்களுக்கு 75க்குக் கீழே இருந்தால் இரும்பு கொடுக்க வேண்டும் என்கிறது இன்றைய மருத்துவம், நரம்புவழி என்றால் 100 வரைகூட. எனக்கு 19 இருந்தது. பழைய தாள்களில் எதிலும் அந்தச் சோதனையே இல்லை. இரண்டாவது, ப்ரீகாபலின் என்ற வேறுவகை மருந்தை முதலில் சேர்த்து, அது வேலை செய்யத் தொடங்க அவகாசம் கொடுத்தது.

அதன் பிறகுதான் குறைத்தல். இதை ஒரே நாளில் நிறுத்தக் கூடாது, மருத்துவரின் துணையின்றித் தொடங்கவும் கூடாது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 0.125 குறைத்தோம். ஒவ்வொரு படியிலும் மூன்று நான்கு இரவுகள் கொடுமையாகி, பிறகு தணிந்தன. கடைசி அரை மாத்திரையில்தான் எல்லாம் காத்திருந்தது. அதை விட்ட பின் ஒன்பது இரவுகள் நான் ஒரு மணி, இரண்டு மணி நேரமே தூங்கினேன். மொட்டைமாடியில் நடந்தேன், சுவரில் கால் உதைத்து நின்றேன், வெந்நீர் ஊற்றினேன், வழிகளில்லாமல் அழுதேன். கோடை விடுமுறையாகப் பார்த்துத் தேதி குறித்திருந்தேன். என் அக்கா ஊரிலிருந்து வந்து சமையலறையை எடுத்துக்கொண்டாள். வண்டிச் சாவியை அவளே ஒளித்துவைத்தாள், தூக்கமில்லாமல் ஓட்டக்கூடாது என்று. பத்தாம் இரவு நாலு மணி நேரம் வந்தது.

கால்கள் மட்டுமல்ல. சிலருக்கு இந்த மருந்தை விடும்போது பதற்றம், திடீர்ப் பயம், ஆழ்ந்த சோர்வு, வியர்வை, மருந்தின் மீதான ஏக்கம் எல்லாம் வருகின்றன. 2010இல் அமெரிக்க ஆய்வாளர்கள், அதிலும் பார்க்கின்சன் நோயாளிகளைக் கவனித்தவர்கள், இதைத் தனி விலகல் நோயாகப் பெயரிட்டார்கள். வாழப் பிடிக்கவில்லை என்று தோன்றினால் அதை உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும், ‘மனசு சரியில்லை’ என்று விழுங்கக் கூடாது. வேறு எதற்கும் அடங்காதவர்களுக்குக் குறைந்த அளவு ஓபியாய்டு மருந்துகள் தரப்படுகின்றன. நம் நாட்டில் போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடிகளால் அவை கிடைப்பது கடினம். வில்லிஸின் சீமாட்டிக்குக் கிடைத்தது திருநெல்வேலியில் ஒரு சத்துணவு ஊழியருக்குக் கிடைக்காது.

எனக்கு விடுமுறை இருந்தது, அக்கா இருந்தாள், மாடி இருந்தது. பெருக்கத்தில் சிக்கிய ஒரு வீட்டுவேலைத் தொழிலாளி ஒன்பது இரவை எங்கே வைப்பாள்? காலை ஐந்தரைக்குக் கோலம் போட்டுப் பாத்திரம் துலக்க வேண்டியவள் மருந்தைக் குறைக்க மாட்டாள், கூட்டத்தான் செய்வாள். தேசியக் குடும்பநல ஆய்வு 2019–21இன்படி இந்தியாவில் 15–49 வயதுப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. தமிழ்நாட்டில் 53.4. எல்லாருக்கும் இரும்புக் குறைவுதான் காரணம் என்றோ, எல்லாருக்கும் இந்தக் கால்கள் உண்டென்றோ சொல்லவில்லை. ஆனால் கடைசியாகச் சாப்பிடுபவளின் இரும்பு பற்றிய கேள்வி மாத்திரைக்கு முன்னால் வந்திருக்க வேண்டியது. இறந்த நோயாளிகள் தானமளித்த மூளைகளை ஆராய்ந்து, அங்கேயே இரும்பு குறைந்திருப்பதை 2003இல் ஆய்வாளர்கள் காட்டிய பிறகும், டோபமைன் மாத்திரைகளே பல ஆண்டுகள் முதல் மருந்தாக இருந்தன.

2025 ஜனவரியில் அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் தன் வழிகாட்டுதலை மாற்றிக்கொண்டது. பிரமிபெக்ஸோல், ரோபினிரோல் முதலியவற்றை வழக்கமான சிகிச்சையாகப் பயன்படுத்த வேண்டாம் என்றும், இரும்பைச் சோதிக்கவும், காபாபென்டின் வகை மருந்துகளை முன்வைக்கவும் சொன்னது. இவற்றுக்கும் தலைசுற்றல், வீக்கம், எடைகூடல் உண்டு. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அளவைக் குறைக்க வேண்டும். இவற்றையும் சட்டென்று நிறுத்த முடியாது.

அந்த ஒன்பது இரவுகளையும் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதியிருக்கிறேன். எத்தனை மணிக்குத் தொடங்கியது, எவ்வளவு நடந்தேன், எவ்வளவு தூங்கினேன், அக்கா என்ன சொன்னாள். கையெழுத்து சில பக்கங்களில் படிக்க முடியாமல் கோணலாக ஓடுகிறது. மருந்தைக் குறைக்கப் போகும் ஒரு சக ஆசிரியை கேட்டார் என்று அதன் நகல் ஒன்றைப் போன மாதம் கொடுத்தேன். அவர் ஐந்தாம் இரவின் பக்கத்தை மட்டும் மடித்து வைத்திருக்கிறார்.